காசோலை யார் பெயருக்கு வந்தது? - அமெரிக்கப் பருத்தி மானியமும் ஆர்கன்சா வாரக்குடிகளும்

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) நாவலை வாசித்தவர்களிடம், ஜோட் குடும்பம் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பியது என்று கேட்டால் பெரும்பாலோர் புழுதிப் புயலைத்தான் சொல்வார்கள். அந்த நாவலைப் பற்றிய நமது பொது நினைவில் புழுதி அந்த அளவுக்குப் படிந்திருக்கிறது. ஆனால் ஜோட் குடும்பத்தின் ஊராக நாவல் குறிப்பிடும் சாலிசா, ஓக்லஹோமாவின் கிழக்கு ஓரத்தில், ஆர்கன்சா மாநில எல்லையை ஒட்டி அமைந்தது. புழுதிப் புயல் கொடூரமாக வீசிய நிலப்பகுதியோ அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில், அங்கிருந்து ஏறக்குறைய முந்நூறு மைல் தொலைவில் இருந்தது. சாலிசா இருந்தது பருத்தி விளையும் நாட்டில். அங்கே குடிகளை வெளியேற்றியதில் வறட்சிக்குப் பங்குண்டு. வங்கிக்கும் டிராக்டருக்கும் பங்குண்டு. இந்த இரண்டையும் ஸ்டைன்பெக் தெளிவாகவே காட்டியிருக்கிறார். இவற்றுக்குப் பின்னால் நின்ற இன்னொன்றின் மீதுதான் வெளிச்சம் அதிகம் விழவில்லை. அது அரசாங்கத்தின் காசோலை.

உழவர்களைக் காப்பாற்றுவதற்காக அனுப்பப்பட்ட காசோலை அது. நல்ல நோக்கத்தோடு, நல்ல மனிதர்கள் பலரால் வகுக்கப்பட்ட திட்டத்தின்கீழ் வந்தது. அது ஓர் ஊருக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதை நாம் இங்கே பார்க்கலாம். அமெரிக்காவின் தென்பகுதியில் பல நூறு ஊர்களில் நடந்ததுதான். எனினும் ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியில் உள்ள டைரோன்சா என்ற சிற்றூரில் அது எதிர்ப்பைச் சந்தித்தது. ஆகவே பதிவும் பெற்றது.

சதுப்பில் எழுந்த பருத்தி நாடு

மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், மெம்ஃபிஸ் நகரிலிருந்து வடமேற்கே விரியும் தாழ்நிலம் ஒருகாலத்தில் அடர்ந்த சதுப்புக்காடு. 1811-12-இல் நிகழ்ந்த நியூ மேட்ரிட் நிலநடுக்கங்களில் தரை அமிழ்ந்துபோனதால் இதன் ஒரு பகுதிக்கு ‘அமிழ்ந்த நிலம்’ என்றே பெயர் ஏற்பட்டது. மர நிறுவனங்கள் காட்டை வெட்டி முடித்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தார்கள். கீழே கிடந்தது கரிய வண்டல். அதில் பருத்தியைத் தவிர வேறெதையும் பயிரிட யாரும் நினைக்கவில்லை. அலபாமாவிலிருந்தும் மிசிசிப்பியிலிருந்தும் நிலமற்ற கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த முறைக்கு நம் ஊர்ச் சொல்லையே பயன்படுத்தலாம், அது வாரம். 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆர்கன்சாவின் பண்ணைகளில் 100-க்கு 63 குத்தகையாகவோ வாரமாகவோ பயிரிடப்பட்டவை. குத்தகையிலும் படிகள் இருந்தன. சொந்தமாகக் கோவேறு கழுதையும் கலப்பையும் வைத்திருந்தவர் விளைச்சலில் மூன்றில் ஒன்றையோ நான்கில் ஒன்றையோ நிலக்காரருக்குக் கொடுத்தார். உழைப்பைத் தவிர எதுவுமில்லாதவர் பாதியைக் கொடுத்தார். இந்தக் கடைசிப் படியில் இருந்தவர்களைத்தான் நாம் இக்கட்டுரையில் வாரக்குடிகள் என்று குறிக்கிறோம். விதை, கழுதை, கருவி, குடியிருக்கும் பலகை வீடு எல்லாம் பண்ணையாருடையவை. விதைப்பிலிருந்து அறுவடை வரை உண்பதற்குச் சோளமாவும் உப்புக்கண்டமும் வெல்லப்பாகும் பண்ணைக் கடையில் பற்று வைத்து வாங்கவேண்டும். பற்றுக்கு வட்டி உண்டு. கணக்கை எழுதுபவர் பண்ணையார். பருத்தியை எடைபோடுபவரும் விற்பவரும் அவரே. ஆண்டு முடிவில் ‘கணக்குத் தீர்க்கும்’ நாளில் கையில் ஏதேனும் மிஞ்சினால் அதிர்ஷ்டம். மிஞ்சாத ஆண்டுகளே மிகுதி.

கணக்கைக் கேள்வி கேட்பது எளிதல்ல. இதே மாநிலத்தின் ஃபிலிப்ஸ் கவுண்டியில், எலேன் என்ற ஊரை ஒட்டி, 1919-இல் கறுப்பின வாரக்குடிகள் சங்கம் அமைத்து நியாயமான கணக்குக் கேட்டார்கள். கிடைத்தது படுகொலை. எத்தனை பேர் மாண்டார்கள் என்று இன்றுவரை உறுதியான எண்ணிக்கை இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. மரண தண்டனை விதிக்கப்பட்டதோ பன்னிரண்டு கறுப்பினத்தவருக்கு. அவர்களில் ஆறு பேரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1923-இல் அவர்களுக்குச் சாதகமாகத் திரும்பியது. இந்த நினைவு நமது கதையில் மீண்டும் வரும்.

உழுது அழிக்கக் கூலி

1929-இல் பவுண்டுக்குச் சுமார் 17 சென்ட் விற்ற பருத்தி 1932-இல் ஆறரை சென்ட்டுக்கு இறங்கியது. இடையில் 1930-31-இன் வறட்சி வேறு. 1931 ஜனவரியில் ஆர்கன்சாவின் இங்கிலாந்து என்ற சிறுநகரில் பசித்த உழவர்கள் கூட்டமாக வந்து கடைக்காரர்களிடம் உணவு கேட்டது நாடெங்கும் செய்தியாயிற்று. விற்க முடியாத பருத்தி கிடங்குகளில் மலையாகக் கிடக்க, அதை விளைவித்தவர்கள் உடுத்தத் துணியில்லாமல் இருந்தார்கள்.

1933 மே 12 அன்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேளாண் சீரமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸ். சட்டத்தின் அடிப்படை எளிமையானது: விளைச்சல் குறைந்தால் விலை ஏறும், ஆகவே விளைவிக்காமல் இருப்பதற்கு உழவருக்குப் பணம் கொடுக்கலாம். 1909 முதல் 1914 வரை உழவரின் விளைபொருளுக்கு இருந்த வாங்கும் சக்தியை மீட்பது இலக்கு. பணம் ஆலைகளிடமிருந்து வரியாக வசூலிக்கப்பட்டது. பருத்திக்குப் பவுண்டுக்கு 4.2 சென்ட்.

சட்டம் வந்தபோது அவ்வாண்டுப் பருத்தி ஏற்கெனவே முளைத்து நின்றது. வேறு வழியின்றி, நின்ற பயிரையே உழுது அழிக்கச் சொன்னார்கள். ஒரு கோடி ஏக்கருக்கும் மேல் அழிக்கப்பட்டது. வரிசைக்கு இடையே மட்டுமே நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் செடிமீது கால் வைக்க மறுத்தன என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. கழுதைக்குத் தெரிந்தது அமைச்சருக்குத் தெரியவில்லையே என்று கேலியும் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் முதல் காசோலையை ரூஸ்வெல்ட் தமது கையாலேயே டெக்சாஸ் உழவர் ஒருவருக்கு வழங்கினார். 47 ஏக்கர் பருத்தியை அழித்ததற்கு 517 டாலர்.

இத்திட்டத்தைப் பழிப்பதற்கு முன் அது சாதித்ததையும் சொல்லவேண்டும். பருத்தி விலை 1933-இல் பத்து சென்ட்டையும் 1934-இல் பன்னிரண்டு சென்ட்டையும் தாண்டியது. ஏலத்துக்குப் போகவிருந்த பல நிலங்கள் தப்பின. ஊர் வங்கிகள் மூச்சுவிட்டன, கடைகளில் வியாபாரம் நடந்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது உண்மையிலேயே உயிர்காத்த உதவி. நிலம் இல்லாமல் உழுதவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதே கேள்வி.

நாலரை சென்ட்டின் கணக்கு

1934-35-க்கான பருத்தி ஒப்பந்தம் இதற்கு விடை சொல்கிறது. வழக்கமான பரப்பில் 35 முதல் 45 விழுக்காட்டைத் தரிசாக விடுவதாகப் பண்ணையார் அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்வார். விடப்பட்ட நிலத்தில் விளைந்திருக்கக்கூடிய பருத்திக்கு, பவுண்டுக்கு நாலரை சென்ட் என்று கணக்கிட்டு அரசு பணம் தரும். அந்த நாலரை சென்ட்டை இரண்டாகப் பிரித்தார்கள். மூன்றரை சென்ட் ‘வாடகைத் தொகை’. நிலத்தை அரசு வாடகைக்கு எடுத்ததாகப் பொருள். ஒரு சென்ட் ‘சமநிலைத் தொகை’, விலைக்குறைவை ஈடுசெய்வது. வாடகை நிலத்துக்கு உரியது. ஆகவே வாரக்குடிக்கு அதில் பங்கில்லை. சமநிலைத் தொகை விளைச்சலுக்கு உரியது. ஆகவே அதில் அவருக்குப் பாதி.

நாலரை சென்ட்டில் நான்கு சென்ட் பண்ணையாருக்கு. அரை சென்ட் வாரக்குடிக்கு. ஒன்பதில் ஒரு பங்கு. அந்த நிலத்தில் பருத்தி விளைந்திருந்தால் விளைச்சலில் அவருக்குப் பாதி கிடைத்திருக்கும். விளையாத பருத்தியில் ஒன்பதில் ஒன்று. அந்த ஒன்றும் நேராக அவர் கைக்கு வரவில்லை. காசோலை பண்ணையார் வழியாகவே வந்தது. பழைய பற்றில் வரவு வைத்துக்கொண்டதாக அவர் சொன்னால் அதைச் சரிபார்க்கும் வழி வாரக்குடிக்கு இல்லை.

இவ்வாறு வகுத்தவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. பருத்திப் பிரிவுக்குத் தலைவர் கல்லி காப், தென்பகுதி வேளாண் இதழ்களின் வழியே வந்தவர். வேளாண் சீரமைப்பு நிர்வாகத்தின் நிதிப் பொறுப்பில் இருந்த ஆஸ்கர் ஜான்ஸ்டன், மிசிசிப்பியின் ஸ்காட் என்ற ஊரில் டெல்டா அண்ட் பைன் லேண்ட் நிறுவனத்தின் 38,000 ஏக்கர் பண்ணையை நடத்தியவர். அந்நிறுவனத்தின் உரிமையாளர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த நூற்பாலைக்காரர்கள். நாட்டிலேயே மிகப் பெரிய பருத்திக் காசோலைகளில் சில அங்கே போய்ச் சேர்ந்தன. உள்ளூரில் ஒப்பந்தங்களைக் கண்காணித்த கவுண்டிக் குழுக்களிலும் நிலக்காரர்களே அமர்ந்திருந்தார்கள். வாரக்குடி வாஷிங்டனுக்குப் புகார் எழுதினால், அது விசாரணைக்காக அதே கவுண்டிக்குத் திரும்பி வந்தது. யார்மீது புகாரோ, அவருடைய அண்டை வீட்டாரிடம்.

ஒப்பந்தத்தில் குடிகளைப் பாதுகாக்க ஒரு பிரிவு இல்லாமல் இல்லை. அதுதான் ஏழாவது பிரிவு. இயன்றவரை வழக்கமான எண்ணிக்கையில் குடிகளை வைத்துக்கொள்ளவேண்டும். 1934, 1935 ஆண்டுகளில் அவர்கள் வீட்டில் வாடகையின்றிக் குடியிருக்க அனுமதிக்கவேண்டும். தொல்லை தருபவர்களாகவோ பண்ணையின் நலனுக்கு ஆபத்தானவர்களாகவோ இருந்தால் மட்டும் விலக்கலாம். ‘நல்லெண்ணத்தோடு முயலவேண்டும்’ என்பது அப்பிரிவின் தொனி. பணம் தரும் பிரிவுகள் எல்லாம் கட்டளையாகவும், குடிகளைக் காக்கும் பிரிவு வேண்டுகோளாகவும் எழுதப்பட்டிருந்தது. யார் தொல்லை தருபவர் என்று முடிவு செய்யும் உரிமையும் பண்ணையாரிடமே இருந்தது.

விளைவை ஊகிக்கப் பெரிய பொருளாதார அறிவு வேண்டியதில்லை. பத்தில் நான்கு ஏக்கர் தரிசாகக் கிடக்கும்போது பத்துக் குடும்பங்கள் எதற்கு? மேலும், வாரக்குடி என்று ஒருவர் இருந்தால்தானே அரை சென்ட்? அவரையே நாட்கூலியாக மாற்றிவிட்டால் அதையும் தரவேண்டியதில்லை. பெரும் வீழ்ச்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே குடிகள் கைவிடப்படத் தொடங்கிவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் முன்பு பண்ணையார் குடியை விலக்கினால் நிலம் சும்மா கிடந்து நட்டமாகும். இப்போது சும்மா கிடப்பதற்கே பணம் வந்தது.

டைரோன்சா

டைரோன்சாவுக்கு அருகே ஹைரம் நார்கிராஸ் என்பவரின் ஃபேர்வியூ பண்ணை இருந்தது. 1934-இன் தொடக்கத்தில் அவர் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார். சட்டத்தின் பார்வையில் அவர் தனித்த குற்றவாளி அல்லர். சுற்றியிருந்த மற்றப் பண்ணையார்கள் செய்ததையே அவரும் செய்தார்.

அவ்வூரில் இரண்டு சிறு கடைக்காரர்கள் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்தார்கள். ஹெச். எல். மிட்சல் சலவைக்கடை நடத்தினார். கிளே ஈஸ்ட் பெட்ரோல் நிலையம் நடத்தினார். இருவரும் வெள்ளையர், இருவரும் சோஷலிஸ்டுகள். சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் நார்மன் தாமஸ் 1934 பிப்ரவரியில் டைரோன்சாவுக்கு வந்து குடிகளின் நிலையைக் கண்டார். கட்சியைவிட அவர்களுக்குத் தேவை சங்கம்தான் என்று அறிவுறுத்தினார்.

1934 ஜூலையில் ஓர் இரவு, ஃபேர்வியூ பண்ணையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வெள்ளையரும் ஏழு கறுப்பினத்தவரும் கூடினார்கள். சங்கம் ஒன்றா இரண்டா என்ற கேள்வி எழுந்தது. அன்றைய ஆர்கன்சாவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே அறையில் சமமாக அமர்ந்து பேசுவதே வழக்கத்துக்கு மாறானது. அந்தக் கூட்டத்தில் முன்பு கூ க்ளக்ஸ் கிளானில் இருந்த வெள்ளையர்களும் இருந்ததாக மிட்சல் பின்னர் எழுதியிருக்கிறார். அப்போது ஐசக் ஷா என்ற முதிய கறுப்பினத்தவர் எழுந்து பேசினார். 1919-இல் எலேனில் நசுக்கப்பட்ட சங்கத்தில் இருந்தவர் அவர். தனியாக நின்றதால் தமது சங்கம் அழிக்கப்பட்டது, இம்முறை இரு இனத்தவரும் பிரிந்து நின்றால் அதுவே மீண்டும் நிகழும் என்பது அவர் பேச்சின் சாரம். சங்கம் ஒன்றே என்று முடிவாயிற்று. தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கம் பிறந்தது இவ்வாறுதான். கறுப்பினப் போதகர் ஈ. பி. மெக்கின்னி அதன் துணைத்தலைவர் ஆனார்.

சங்கம் முதலில் சென்றது நீதிமன்றத்துக்கு என்பது குறிப்பிடத்தக்கது. ஏழாவது பிரிவை மீறிக் குடிகளை வெளியேற்றியதாக நார்கிராஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். மார்க்ட் ட்ரீ நகரத்து வழக்கறிஞர் சி. டி. கார்ப்பென்டர் அவர்களுக்காக வாதிட்டார். ஆர்கன்சா உச்ச நீதிமன்றம் 1935-இல் வழக்கைத் தள்ளியது. ஒப்பந்தம் அரசுக்கும் பண்ணையாருக்கும் இடையே ஆனது. வாரக்குடிகள் அதில் ஒரு தரப்பு அல்லர். ஆகவே அது மீறப்பட்டது என்று அவர்கள் வழக்காட முடியாது. தங்கள் பெயரால் போடப்பட்ட பிரிவை அவர்களால் தொடக்கூட முடியவில்லை.

வாஷிங்டனில் ஒரு பிப்ரவரி

இதே வேளையில் வாஷிங்டனிலும் இந்தப் பிரிவைச் சுற்றி ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. வேளாண் சீரமைப்பு நிர்வாகத்தின் சட்டப் பிரிவில் ஜெரோம் ஃபிராங்க் தலைமையில் இளம் வழக்கறிஞர்கள் பலர் இருந்தார்கள். பெரும்பாலும் நகரத்துக்காரர்கள், பருத்திச் செடியை அருகில் பார்த்திராதவர்கள் என்று எதிரிகள் பரிகசித்தார்கள். ஆர்கன்சா நிலவரத்தை நேரில் அறிய 1935 ஜனவரியில் மேரி கானர் மையர்ஸ் என்ற பெண் வழக்கறிஞர் அனுப்பப்பட்டார். அவர் வாரக்குடிகளைச் சந்தித்து வாக்குமூலங்கள் பெற்று அறிக்கை அளித்தார். அந்த அறிக்கை வெளியிடப்படவே இல்லை.

சட்டப் பிரிவு ஒரு விளக்கம் தயாரித்தது. அதன்படி ‘வழக்கமான எண்ணிக்கை’ என்றால் தலை எண்ணிக்கை மட்டுமன்று, அதே குடிகளையே வைத்திருக்கவேண்டும். அதை எழுதியதில் முக்கியப் பங்கு ஆல்ஜர் ஹிஸ்ஸுக்கு உண்டு. பின்னாளில் உளவு சர்ச்சையால் உலகறிந்த அதே ஹிஸ். நிர்வாகத் தலைவர் செஸ்டர் டேவிஸ் இதை ஏற்கவில்லை. 1935 பிப்ரவரி 5 அன்று ஃபிராங்க்கையும் அவரது சகாக்கள் சிலரையும் பதவியிலிருந்து நீக்கினார். வாலஸ் அதற்கு இசைந்தார், ரூஸ்வெல்ட் தலையிடவில்லை. ஏழாவது பிரிவுக்கு இறுதியாக நின்ற பொருள் இதுதான்: எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், யாரை வேண்டுமானாலும் அனுப்பிவிட்டு வேறு யாரையும் வைத்துக்கொள்ளலாம்.

டேவிஸின் வாதத்தையும் நாம் செவிமடுக்கவேண்டும். தென்பகுதிப் பண்ணையார்களின் ஒத்துழைப்பில்லாமல் பருத்தித் திட்டமே நடக்காது. நடுவழியில் ஒப்பந்தத்தின் பொருளை மாற்றினால் அவர்கள் விலகிக்கொள்வார்கள். திட்டம் சரிந்தால் விலை சரியும், அதில் முதலில் நசுங்குவது வாரக்குடியே. இதற்கு மேல் ஒரு காரணம் இருந்தது. செனட் சபையில் ஆளுங்கட்சித் தலைவராக இருந்தவர் ஆர்கன்சாவின் ஜோசப் ராபின்சன். தென்பகுதி உறுப்பினர்களின் வாக்கில்லாமல் ரூஸ்வெல்ட்டால் எந்தச் சட்டத்தையும் நிறைவேற்ற முடியாது. வாரக்குடிகளுக்கோ வாக்கு இல்லை. தலைவரி கட்டினால்தான் வாக்களிக்கலாம் என்ற விதி ஏழை வெள்ளையரையும் தடுத்தது. கறுப்பினத்தவருக்குத் தடைகள் அதற்கு மேலும் இருந்தன. வாக்கில்லாதவர்களுக்காக வாக்குள்ளவர்களைப் பகைத்துக்கொள்ள எந்த அரசும் எளிதில் துணிவதில்லை.

அடியும் பாட்டும்

வழக்கும் மனுவும் பொய்த்தபின் மிஞ்சியது உழைப்பை நிறுத்துவது மட்டுமே. 1935-இன் இலையுதிர் காலத்தில் சங்கம் பருத்தி பறிப்பை நிறுத்தியது. நூறு பவுண்டு பறிக்க ஒரு டாலர் கேட்டார்கள். பல பண்ணைகளில் 75 சென்ட் கிடைத்தது. உறுப்பினர் தொகை பல ஆயிரங்களுக்கு உயர்ந்தது.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. கார்ப்பென்டரின் வீட்டின்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 1935 மார்ச்சில் பேர்ட்சாங் என்ற ஊரில் நார்மன் தாமஸையே மேடையிலிருந்து இழுத்து இறக்கித் துரத்தினார்கள். சங்க அலுவலகம் ஆற்றைக் கடந்து மெம்ஃபிஸுக்கு மாறியது. 1936-இல் ஏர்ல் நகரக் காவல் அதிகாரி பால் பீச்சர், கறுப்பினத்தவரைப் பொய்க் குற்றம்சாட்டிப் பிடித்துத் தமது நிலத்தில் கட்டாய வேலை வாங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டார். அடிமைமுறை ஒழிந்து எழுபது ஆண்டுகள் கழித்து!

இலக்கிய வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டிய ஒரு பெயரும் இந்த இயக்கத்தில் உண்டு. ஜான் ஹேண்ட்காக்ஸ், ஆர்கன்சாவில் 1904-இல் பிறந்த கறுப்பின உழவர், சங்கத்தின் கவிஞர். தேவாலயப் பாடல்களின் மெட்டில் சங்கத்துக்குப் பாட்டுக் கட்டினார். 1937-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவர் குரலைப் பதிவு செய்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் அவர் எங்கிருக்கிறார் என்றே பலருக்குத் தெரியவில்லை. அவர் பாடல்கள் மட்டும் தொழிற்சங்க மேடைகளில் பெயரின்றிப் பாடப்பட்டன. 1980களில் மீண்டும் கண்டறியப்பட்டு, 1992-இல் மறைந்தார். நாட்டுப்புறப் பாடல் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு தனி மனிதர் இருக்கக்கூடும்.

திருத்தமும் அதன் பின்விளைவும்

1936 ஜனவரி 6 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஆலைவரியும் ஒப்பந்த ஏற்பாடும் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் வேறொரு சட்டமும் 1938-இல் புதிய வேளாண் சீரமைப்புச் சட்டமும் வந்தன. இதற்குள் டைரோன்சாவின் கூக்குரல் நாட்டின் காதை எட்டியிருந்தது. ஆகவே புதிய ஏற்பாடுகளில் வாரக்குடியின் பங்கு உயர்த்தப்பட்டது; நேரடியாக அவர் பெயருக்கே பணம் தரவும் வழி செய்யப்பட்டது.

இங்கேதான் இந்த வரலாற்றின் மிகக் கசப்பான திருப்பம் இருக்கிறது. வாரக்குடியின் பங்கு உயர உயர, அவரை வைத்துக்கொள்வது பண்ணையாருக்குச் செலவாயிற்று. அவரை நாட்கூலியாக்கிவிட்டால் முழுக் காசோலையும் தமக்கே. 1939 ஜனவரியில் மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஓவன் விட்ஃபீல்ட் என்ற கறுப்பினப் போதகரின் வழிகாட்டலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாரக்குடிகள் தட்டுமுட்டுச் சாமான்களோடு 60, 61-ஆம் எண் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் பனிக்குளிரில் வந்து அமர்ந்தார்கள். மானியத்தைப் பங்கிடாமல் இருப்பதற்காகத் தங்களை வெளியேற்றுகிறார்கள் என்பதே அவர்கள் முறையீடு. சில நாட்களில், சுகாதாரக் கேடு என்ற காரணம் சொல்லி மாநிலக் காவலர்கள் அவர்களைச் சாலையோரத்திலிருந்து அகற்றினார்கள்.

காசோலை டிராக்டராக மாறியது. பொருளியல் அறிஞர் பால் டெய்லரும் அவரது மனைவியும் புகைப்படக் கலைஞருமான டொரோதியா லாங்கும் டெக்சாஸ் பருத்தி நாட்டில் இதை நேரில் பதிந்தார்கள். 1938-இல் லாங் எடுத்த ஒரு படத்தில், வீட்டு வாசல் வரை உழவுசால் ஓடி வருகிறது. வீட்டில் யாருமில்லை. தென்பகுதியின் வாரக்குடிக் குடும்பங்கள் 1930-இல் ஏறத்தாழ 7,76,000, 1940-இல் 5,41,000. இந்தக் குறைவு முழுவதையும் மானியத்தின் கணக்கில் எழுத முடியாது; டிராக்டர் எப்படியும் வந்திருக்கும், பருத்தி பறிக்கும் இயந்திரமும் வந்தேயிருக்கும். ஆனால் வெளியேற்றத்தின் வேகத்தையும், அதற்கான முதலீட்டை யார் கொடுத்தது என்பதையும் தீர்மானித்ததில் காசோலைக்குப் பெரும் பங்குண்டு.

அரசு வேறு கையால் மருந்தும் தடவியது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. டைரோன்சாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத டயஸ் குடியிருப்பில் 1934 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் தவணை முறையில் தரப்பட்டன. பாடகர் ஜானி கேஷ் வளர்ந்தது அங்கேதான். ஆனால் அது வெள்ளையருக்கு மட்டும். 1937-இல் குத்தகையாளர் நிலம் வாங்கக் கடன் தரும் சட்டமும் வந்தது. தேவைக்கு முன் அது துளி.

நிலக்காரர்களின் ஆதிக்கத்தில் அமைந்த அந்தக் கவுண்டிக் குழு முறை மட்டும் நீண்ட ஆயுள் பெற்றது. 1920-இல் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டிருந்த கறுப்பினப் பண்ணையாளர்கள் 1997-இல் இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தார்கள். அரசுக் கடனிலும் உதவியிலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்பட்டதாக அவர்கள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கில் 1999-இல் சமரசம் ஏற்பட்டது. இழப்பீடாகத் தரப்பட்டது நூறு கோடி டாலரையும் தாண்டியது.

பட்டாவும் ஏரும்

இந்த வரலாற்றை நாம் தூர தேசத்துக் கதையாக வாசித்து முடித்துவிட முடியாது. தெலங்கானாவில் 2018-இல் தொடங்கிய ரைத்து பந்து திட்டம் ஏக்கருக்குப் பருவம் ஒன்றுக்கு 4,000 ரூபாய் தந்தது. நிலப் பட்டா வைத்திருப்பவருக்குத்தான், குத்தகைக்கு உழுபவருக்கு அல்ல. இந்திய ஒன்றிய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டமும் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே வகுத்தது. காவிரிப் படுகையில் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்கள் எத்தனை பேர் என்று அவ்வூர்களை அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாய்ச்சொல்லில் நடக்கும் குத்தகைக்குத் தாள் இல்லை. தாள் இல்லாதவருக்குப் பணம் இல்லை. தாள் கொடுத்தால் நிலத்தில் உரிமை கேட்பாரோ என்ற அச்சம் நிலக்காரருக்கு. விதிவிலக்குகளும் உண்டு: ஒடிசாவின் காலியா திட்டம் (2018) குத்தகை உழவரையும் நிலமற்ற குடும்பங்களையும் கணக்கில் சேர்த்தது. ஆகவே இது இயலாத காரியம் அல்ல, கடினமான காரியம்.

கடினம் எங்கே என்பதைத்தான் டைரோன்சா நமக்குச் சொல்கிறது. ஓர் அரசு ஊருக்குப் பணம் அனுப்பும்போது, அது ஊரில் ஏற்கெனவே இருக்கும் வாய்க்கால் வழியேதான் பாய்கிறது. யாருக்குப் பத்திரம் இருக்கிறதோ, யார் கணக்கெழுதுகிறாரோ, யார் குழுவில் அமர்கிறாரோ அவரிடம் முதலில் தேங்குகிறது. 1934-இல் பங்கைக் குறைவாக வைத்ததால் வாரக்குடி ஏமாந்தார்; 1938-க்குப் பின் பங்கை உயர்த்தியதால் வெளியேற்றப்பட்டார். இரண்டிலும் இல்லாமற்போனது ஒன்றுதான்: அந்த நிலத்தில் தொடர்ந்து இருப்பதற்கான உரிமை. அது இல்லாதபோது அவருக்கென்று ஒதுக்கப்படும் ஒவ்வொரு காசும் அவரை வெளியேற்றுவதற்கான இன்னொரு காரணமாகவே ஆகிவிடுகிறது.

டைரோன்சாவில் மிட்சலும் ஈஸ்ட்டும் கடை வைத்திருந்த கட்டடம் இன்று சங்கத்தின் அருங்காட்சியகம். சுற்றிலும் பருத்தியும் நெல்லும் சோயாவும் கண்ணுக்கெட்டியவரை விளைகின்றன. வயல்களில் மனிதர்களைக் காண்பது அரிது.